குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர்

9.11.2024

மதினிக்கு,

மகாராணி எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். முதலில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள்.

கவரின் மேல் தையல் பயிற்சி நிலையம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, ‘நான் எப்ப தையல் படிக்கிறேன்னு சொன்னேன்’ என்று எரிச்சல்பட்டிருப்பீர்கள். அது மதுரையில் என்னைப் பாதுகாக்கிற இல்லத்துக்காரர்கள் செய்த ஏற்பாடு. நான் எழுதுவது முதலில் அவர்களுக்குப் போகும். அவர்கள் கவரை மாற்றி, மதுரை முத்திரையோடு உங்களுக்கு அனுப்புவார்கள். நீங்களும் என் பெயரை உள்கவரில் மட்டும் எழுதி, கீழே இருக்கிற தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்புங்கள். கோர்ட்டு நோட்டீசு முதற்கொண்டு எனக்கு வருகிற எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் வருகிறது. போய்ச் சேரத் தாமதமாகும். போன் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்காரரை விட்டுத் திருப்பூருக்கு ஓடியபோது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். என் ஆதாரில் இருப்பது அவருடைய நம்பர். விடுதியில் பதிய ஆதாரைக் கொடுத்தேன். ஓடிபி, விடுதிப் பெயரோடு, தேனியில் அவர் கைக்குப் போனது. அந்த வாரமே கம்பெனி வாசலில் பழப்பையோடு நின்றார். எல்லோர் முன்னாலும் என் காலைப் பிடித்து அழுதார். பஸ்சில் ஏறியதும் என் மணிக்கட்டை முறுக்கியவர், தேனி வரும்வரை விடவில்லை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கிண்டல் செய்யாதீர்கள்.

ஆத்தாளுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஆத்தா கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி அழும். அப்பா, மருமகன் மனசு கஷ்டப்படுகிறதே என்று அவரிடமே கொண்டுபோய்க் காட்டுவார். அண்ணன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். பாதி வழியில் குடித்துவிட்டு அவர் தோளிலேயே கைபோட்டுக்கொண்டு திரும்பும். அந்த வீட்டில் என்மேல் பாசமே இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள்.

அப்பா என்னைத் திரும்ப அவர் வீட்டில் கொண்டுபோய் விட்ட அன்று நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்காதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

மகாராணி


சிலமலை
28.11.2024

மகாராணிக்கு,

பாசமில்லாத மதினி எழுதுவது. கடிதத்தை எரித்துவிட்டேன். எரிக்கும்போது அத்தை வந்து, “என்னத்தா காகிதக் கருகல் வாடை வருது” என்று கேட்டார். தையல் கிளாஸ் விளம்பரம் என்றேன். “படிச்சா ரவிக்கைக் கூலியாவது மிச்சமாகும்ல” என்று ஒரு அரைமணி நேரம் புத்தி சொன்னார். இதெல்லாம் உன்னால்.

அன்று நான் அடுப்படியில் நின்றது உண்மைதான். வெளியே வந்து என்ன சொல்லியிருக்க முடியும்? வந்த மருமகள் வாயைத் திறந்தால் பஞ்சாயத்து என்மேல் திரும்பும். உன் படிப்புச் சான்றிதழ்களைப் பீரோவிலிருந்து எடுத்து உன் பையில் துணிக்கு அடியில் வைத்தது யார் என்று நினைத்தாய்? உங்க ஆத்தா என்றா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் ஈஸ்வரன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். மாமா நீல நாற்காலியை வாசலில் எடுத்துப் போடுகிறார். அவர் கறி வாங்கி வருகிறார், அத்தைக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வருகிறார். ஒரு சத்தம் கிடையாது. “அவ நல்லா இருந்தாப் போதும் தங்கச்சி. ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்துர்றேன்” என்று சொல்லும்போது கண்ணில் நீர் நிற்கிறது. அந்தக் கண்ணைப் பார்க்காமல் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். தண்ணீர் குடிக்க என்று உள்ளே வருகிறவர் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுகிறார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் கையை எடுக்கவில்லை. சிரித்தார்.

உன் அண்ணன் போன் ரிப்பேர் ஆனபோது ஈஸ்வரன் அண்ணன்தான் தன் செல்போன் கடையில் சரிபண்ணிக் கொடுத்தார். அதிலிருந்து அந்தப் போனில் நாங்கள் பேசியதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் ராசிங்காபுரத்தில் இருக்கிற எங்கம்மாவிடம் பல்வலி என்று சொன்னால் மறுநாள் கிராம்புத் தைலம் வருகிறது. உன் அண்ணனிடம் சொன்னேன். “மாப்ள அக்கறையா இருக்காரு, அதுவும் குத்தமா” என்கிறார்.

அத்தை கதை வேறு. போடியில் குறி கேட்கப் போனார். குறி சொன்னவள், உன் நிழலே தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து ராத்திரிச் சோறு கிடையாது. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறார். நீ இருக்கிறாய் என்று நான் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். ஒரு போட்டோ அனுப்பு. காட்டிவிட்டுக் கிழித்துவிடுகிறேன்.

இன்னொன்று. பாப்பாவுக்குத் தை மாதம் காதுகுத்து வைக்கிறோம். அவளுக்கு அத்தை நீ இல்லாமல் காதுகுத்தா என்று ஊர் கேட்கும். எனக்கு மட்டுமாவது நீ இருக்கும் இடத்தைச் சொன்னால் என்ன? கடிதத்தை எரிக்க மட்டும் நான் வேண்டும், நம்புவதற்கு வேண்டாமா?

பானுப்பிரியா


22.12.2024

மதினிக்கு,

சான்றிதழ் விஷயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தேன். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் இந்த இடத்தில் கணக்கெழுதுகிற வேலை கிடைத்தது.

போட்டோ வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வருகிற இல்லத்து அருணா அக்கா முதலில் முடியவே முடியாது என்றார். ஆத்தா சாப்பிடாமல் கிடப்பதைச் சொல்லிக் கெஞ்சினேன். வெள்ளைச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி எடுத்தார். மரம், மட்டை, போர்டு எதுவும் தெரியக்கூடாது என்று திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஆத்தாளிடம் காட்டி, அது ஒரு வாய் சாப்பிட்டதும் கிழித்துவிடுங்கள். அப்பா கண்ணில் படவேண்டாம்.

இடத்தைச் சொல்ல மாட்டேன். கோபப்படுங்கள், பரவாயில்லை. நம்பாமல் இல்லை. நீங்கள் எல்லாம் நன்றாகச் செய்வீர்கள், பொய் மட்டும் வராது. உங்கள் குரல் நடுங்கும். சீட்டுப் பணத்தை மறைத்தபோது அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டது, நீங்களே உளறிக் கொட்டினீர்கள். அவர் எதிரே உட்கார்ந்து தங்கச்சி என்று கேட்கும்போது, தெரிந்ததைத் தெரியாது என்று உங்களால் சொல்ல முடியாது. உண்மையிலேயே தெரியாவிட்டால் சொல்லிவிடலாம்.

இங்கே எனக்கு வேறு பெயர். யாராவது மகாராணி என்று கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் கை வேர்க்கிறது. நல்ல குளிரிலும் வேர்க்கிறது.

பாப்பாவின் காதுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடுங்கள். குத்துவதற்கு முன்னால்.

மகாராணி


மதுரை, தபால் நிலையம்
10.2.2025

மகாராணி,

உன் பெட்டி இருக்கிற தபால் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெரசாகப் படி.

அவருக்குத் தெரிந்துவிட்டது. முழுதாக இல்லை, ஆனால் தெரிந்துவிட்டது.

போட்டோவை அத்தையிடம் காட்டினேன். அன்று சோறு தின்றார். கிழிக்கக் கொடுங்கள் என்றால் முந்தானையில் முடிந்துகொண்டார். ஒவ்வொரு நாளும் கேட்டேன். “நாளைக்குத் தாரேன்டி” என்பார். நான் பிடுங்கியிருக்க வேண்டும். மாமா பார்த்துவிட்டார், உன் அண்ணன் பார்த்துவிட்டார். பார்த்ததோடு விட்டார்களா? நேற்றுக் காதுகுத்து. காலையில் கோயில் வாசலுக்குப் போனால், தெருவை அடைத்து நிற்கிற பிளக்ஸில் நீ இருக்கிறாய்! தாய்மாமன்களுக்கு மேலே, பெரிதாக, ‘பாசமிகு அத்தை’ என்று போட்டு.

உன் அண்ணனைச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். “கூடப் பொறந்தவ படம் இல்லாம பிளக்ஸ் வச்சா, அத்துவிட்டுட்டோம்னு பேச மாட்டாய்ங்களா? மொகத்த மட்டும்தானே போட்டேன்” என்றார். மாமாவும் அதையேதான் சொன்னார். அவர்களுக்கு உன்னைக் காட்டிக்கொடுக்கிற எண்ணம் இல்லை. பாசத்தில்தான் செய்தார்கள். இந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

முகம் மட்டும் இல்லை மகாராணி. கழுத்துவரை இருந்தது. கழுத்தில் அரக்குக் கலர் ஸ்வெட்டர்.

நானும் அதைக் கவனிக்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். ஈஸ்வரன் வந்தார். (இனிமேல் அந்த ஆளை அண்ணன் என்று எழுத மாட்டேன்.) பிளக்ஸுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். போனில் படம் எடுத்துக்கொண்டார். நான் சந்தனத் தட்டோடு நின்றேன். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “அவளுக்குக் குளிர் ஒத்துக்காதே தங்கச்சி. ஸ்வெட்டர் நல்லதாப் பாத்துதான் வாங்கியிருக்கா.” சாப்பிடாமல் போய்விட்டார். போடிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

நம் ஊரில் ஸ்வெட்டர் யார் போடுவார்கள்? மலைமேலே தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் போடுவார்கள். உனக்கு அது இப்போது உடம்போடு ஒட்டிப்போயிருக்கும், அதனால்தான் கழற்றத் தோன்றவில்லை. நீ மலையில் இருக்கிறாய் என்பது மட்டும் எனக்கு உன் முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது, எந்தத் தோட்டம் என்றுதான் தெரியவில்லை. பிரித்ததும் ஏலக்காய் வாசம் வந்தது. பாயசத்தில் வருகிற வாசம் இல்லை. ஏலத்தோட்டத்து ஸ்டோரில் பச்சைக் காயைச் சூடுகாட்டிக் காயவைக்கும்போது புகையோடு வருகிற வாசம். கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு சீசன் மேலே போய்க் காய் எடுத்தவள்தான். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவாய் என்று. அன்றிலிருந்து அந்த ஆள் தங்கச்சி என்று கூப்பிட்டாலே என் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நீ சொன்னது சரிதான்.

இதைத் தபாலில் போட்டால் உன் கைக்கு எப்போது வருமோ. அதனால் காலையில் போடியில் பஸ் ஏறி நேரே இங்கே வந்தேன். இந்தப் பெட்டி யாருடையது என்று கேட்டேன். “சொல்லக் கூடாதும்மா” என்றார் கவுன்டரில் இருந்தவர். அழுதேன், சண்டை போட்டேன். அந்த மனிதர் அசையவில்லை. கோபம் கோபமாக வந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தால், எனக்குச் சொல்கிறவர் நாளைக்கு அவனுக்கும் சொல்லுவாரே என்று புரிந்தது. பெட்டியைத் திறக்க யாராவது வருவார்கள் இல்லையா, அதுவரை இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

வந்துவிட்டார். கண்ணாடி போட்ட ஒரு அம்மா. மகாராணி என்று சொன்னதும், “அப்படி யாரையும் எனக்குத் தெரியாதும்மா” என்றார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஆனால் கையை நீட்டுகிறார். கொடுக்கிறேன்.

பானு


சிலமலை
14.2.2025

மகாராணி,

உனக்குச் செய்தி வந்ததா இல்லையா என்று தெரியாமல் நான் படுகிற பாடு பகையாளிக்குக்கூட வேண்டாம். காது பழுத்துப் பாப்பா அழுகிறது, கூடச் சேர்ந்து நானும் அழுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நம் தெரு ஜீப் டிரைவர் அமாவாசை சொன்னார்: “உங்க வீட்டு மாப்ள போடி ஜீப் ஸ்டாண்டுல நின்னு எல்லாருகிட்டயும் போட்டோவக் காட்டுறாரு. மேலேயும் ஏறிப் போயிருக்காரு.” உன் பெட்டிக்கு எழுதி எதுவும் ஆகப் போவதில்லை. மலைக்கு நானே ஏறினால் என் பின்னாலேயே வந்துவிடுவான்.

அப்போதுதான் உன் அண்ணன் போன் ஞாபகம் வந்தது. நாம் பேசுவதெல்லாம் கேட்கிறதா, கேட்கட்டும். சாயங்காலம் அந்தப் போனில் எங்கம்மாவைக் கூப்பிட்டேன். “எம்மா, மகாராணி குன்னூர்லதான் இருக்கா. டீ கம்பெனில வேல. குளிரு தாங்கலன்னு ஸ்வெட்டர் வாங்கிருக்காளாம். யாருகிட்டயும் சொல்லிறாத” என்றேன். எங்கம்மா, “எந்த மகாராணிடி?” என்றது. நான் வயிற்றெரிச்சலில், “உன் மாப்ளயோட தங்கச்சிதான், வேற எந்த மகாராணி எனக்கு இருக்கா” என்று கத்தினேன். அந்தக் கத்தலில்தான் பேச்சு உண்மை மாதிரி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். குரல் நடுங்கியது, பயத்தில் ரகசியம் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

புதன்கிழமையிலிருந்து அவன் கடை பூட்டிக் கிடக்கிறதாம். குன்னூருக்குப் போயிருக்க வேண்டும் சாமி. அங்கே தேடித் தேடி இல்லை என்றதும் திரும்பி வருவான். வந்தால் யாரிடம் வருவான் என்று எனக்குத் தெரியும். மாமாவிடமும் உன் அண்ணனிடமும் உடைத்துச் சொல்லிவிட்டேன். அந்தப் போனைக் கையில் எடுத்துக் காட்டி, எங்கம்மாவிடம் பேசியதைச் சொல்லி, மாப்பிள்ளை இப்போது எங்கே போயிருக்கிறார் பாருங்கள் என்றேன். உன் அண்ணன் போனைக் கிணற்றில் எறிந்தார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

ஒரு வரி போடு. இருக்கிறேன் என்று போட்டால் போதும்.

பானு


26.2.2025

மதினி,

இருக்கிறேன்.

நீங்கள் பெஞ்சில் எழுதிய கடிதம் பிறகுதான் வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே அருணா அக்கா போனில் சொல்லிவிட்டார். இங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு மேஸ்திரி சோலையம்மாள். அவரிடம் மட்டும் எல்லாம் சொன்னோம். மறுநாள் மத்தியானம் ஜீப் வந்தது. சத்தத்திலேயே எனக்குக் கை வேர்த்தது. சோலையம்மாள் என்னை ஸ்டோருக்குள் தள்ளி வெளியே பூட்டினார். காய் மூட்டைகளுக்கு நடுவில், அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தேன். பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அவர் குரல்.

“இந்தப் புள்ளயப் பாத்தீகளா? மனசு சரியில்லாதது. மாத்திரை சாப்பிடணும்.” அதே குரல் மதினி. என் கையை முறுக்கிவிட்டு டாக்டரிடம், படியில் விழுந்துவிட்டாள் என்று சொன்ன குரல். நான் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டேன். உண்மையிலேயே எனக்குத்தான் மனசு சரியில்லையோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு வல்லமை.

சோலையம்மாள் போட்டோவைப் பார்த்துவிட்டு, “ஸ்வெட்டர் போட்ட பொம்பளயத் தேடுறீகளா? இந்த மலையில ஸ்வெட்டர் போடாத பொம்பள ஒருத்தியக் காட்டுங்க, நானும் பாக்குறேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தேடி வந்தவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கொடியில் அந்த அரக்கு ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது. காலையில் நான்தான் துவைத்துப் போட்டேன். அவர் கொடியை நோக்கி நடக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து அறை மலையாளத்துச் சேச்சி முந்திப்போய், அதை ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொண்டு, “எந்தா சேட்டா, என்டே துணி நோக்குன்னோ?” என்று, என் துணியில் உனக்கென்ன பார்வை என்பதுபோல், அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். அந்தக் குளிரில் ஈர ஸ்வெட்டரோடு சாயங்காலம்வரை காய் எடுத்தார். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார்.

தேடி வந்தவர், மறுநாள் தோட்ட முதலாளியோடு வந்து எல்லா அறையையும் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்கள் இரண்டாவது கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். எத்தனை மாதம் ஆயிற்று சிரித்து. பிறகு நீங்கள் அந்த வாசலில் தனியாக நிற்பதை நினைத்தேன். சிரிப்புப் போய்விட்டது. உங்களை மாட்டிவிட்டேன் மதினி. என்னை மன்னித்துவிடுங்கள். அருணா அக்கா உங்களுக்கு ஒரு போன் நம்பர் தரச் சொன்னார், கீழே எழுதியிருக்கிறேன். அந்த மனுஷன் உங்கள்மேல் கை வைத்தாலோ, வைப்பேன் என்றாலோ, இல்லத்துக்காரர்களையும் கூப்பிடுங்கள், போலீசையும் கூப்பிடுங்கள். குடும்ப மானம் என்று யாராவது சொன்னால் என் மணிக்கட்டைச் சொல்லுங்கள்.

நாளைக்கு இங்கிருந்து கிளம்புகிறேன். எங்கே என்று எனக்கே ஜீப்பில் ஏறிய பிறகுதான் சொல்வார்கள். இனி என் காகிதத்தில் என்ன வாசம் வரும் என்று தெரியாது.

இந்த இடத்தை விட்டுப் போவதால் இதைச் சொல்லலாம். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். பொழுது சாய்ந்தால் சிலமலையில் எந்த விளக்கு நம் தெரு விளக்கு என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். காதுகுத்துக்கு முந்தின நாள் சீரியல் செட் போட்டீர்களே, பச்சையும் சிவப்பும். நான் பார்த்தேன். பாப்பா எந்தப் பக்கம் தூங்கும் என்று நினைத்துக்கொண்டு, பனி இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்தேன் மதினி.

மகாராணி


சிலமலை
10.3.2025

மகாராணிக்கு,

இந்தக் கடிதம் உன்னிடம் வருமோ, பெட்டியிலேயே கிடக்குமோ. எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வந்தான். முகம் கறுத்திருந்தது, தாடி. கையில் பை இல்லை. எப்போதும் போல வாசலில் வந்து நின்று நாற்காலிக்காகக் காத்திருந்தான். நாற்காலி திண்ணைப் பக்கம்தான் கிடந்தது. மாமா எழுந்தார். எனக்கு உயிரே போயிற்று, எடுத்துப் போடப் போகிறார் என்று. மாமா அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, அதில் தானே உட்கார்ந்துகொண்டார். அத்தை எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். உன் அண்ணன் குடிக்காமல் இருந்தார், அதையும் எழுதிவிடுகிறேன்.

அவன் என்னைத்தான் பார்த்தான். “குன்னூர்ல நல்ல குளிரு தங்கச்சி” என்றான். “நீ வெயில்லயே கெடக்க. ஒனக்கும் ஒரு நாள் எடம் மாத்திவிடணும்.” சிரித்தான். பாப்பாவைப் பார்த்தும் சிரித்தான். இரண்டடி மேலே ஏறி வந்து, “எங்க இருக்கா?” என்று கேட்டான். அவ்வளவு மெதுவாக.

இன்று காலையில் உன் அண்ணனோடு போடி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்தே நீ தந்த நம்பருக்கும் பேசினேன். பயம் போகவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். நீ இத்தனை நாள் எப்படி இருந்திருப்பாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் ஒன்று. அவன் கேட்டபோது நான் அவன் கண்ணைப் பார்த்துத் தெரியாது என்று சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை மகாராணி. உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

பானு